விசும்பலக்கா வீட்டில் நடத்திய சோதனை

எங்கள் டப்பிங் ஸ்டூடியோவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. விசும்பலக்கா, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாகத் தொலைக்காட்சித் தொடர்களின் கதாநாயகிகளுக்காக அழுகிறவர். திரையில் இருக்கிற பெண்ணுக்குக் கண்ணில் கிளிசரின், தொண்டையில் எங்கள் அக்கா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பதிவு செய்கிறவன் நான். தினமும் நாலு மணி நேரம் அழுகையைக் கேட்டுச் சம்பாதிக்கிறவன் எப்படி இருப்பான்? சிடுசிடுவென்றுதான் இருப்பேன்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடரில் மருமகளுக்கு ஒரு பழைய ரணம். சின்ன வயதில் தங்கை கண்ணெதிரே ஆற்றோடு போய்விட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் பூட்டி வைத்திருக்கிறாளாம். தண்ணீரைப் பார்த்துவிட்டால் போதும், கேமரா மூன்று தடவை முகத்தில் பாயும், இடி இடிக்கும், கையிலிருக்கும் கண்ணாடி தம்ளர் கீழே விழுந்து உடையும். அறுபது எபிசோடில் பதினெட்டு தம்ளர். அந்த வீட்டில் ஒருத்தருக்காவது எவர்சில்வர் தம்ளர் வாங்கத் தோன்றாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்காவுக்குக் கோபம் வராது, சந்தேகம்தான் வரும்.

"ஏன்டா, நெஜமாவே மனசுல அடிபட்டவங்க இப்படித் தம்ளரைப் போட்டு உடைப்பாங்களா?"

"உடைச்சாத்தான் நமக்குச் சம்பளம். அடுத்த அழுகைக்குப் போலாமாக்கா?"

விடமாட்டார். சாப்பாட்டு இடைவேளையில் வாட்ச்மேனைக் கேட்பார், கூட்டுகிற அம்மாவைக் கேட்பார். "உங்களுக்கு ரொம்பக் கஷ்டமான விஷயம் ஏதாவது ஞாபகம் வந்தா என்ன பண்ணுவீங்க?" கூட்டுகிற அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாத்ரூமைக் கழுவுவேன்" என்றார். அக்கா அதை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படித் துருவித் துருவிக் கேட்டவர் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய கணவர் பஸ் டிரைவர். போன வருடம் ரோட்டைக் கடந்த ஒரு ஆள் அவர் வண்டியில் அடிபட்டு இறந்துபோனார். டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். ஆனாலும் அவரை டிப்போவில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்தார்கள். இப்போது மறுபடியும் வண்டி கேட்டிருந்தார். டிப்போ மேலாளர் அக்காவுக்கே போன் செய்து, "வீட்ல எப்படி இருக்கார்? நீங்க சரின்னா திங்கக்கிழமையே வண்டி குடுத்துடறேன்" என்றிருக்கிறார்.

அக்கா நேராக என்னிடம் வந்தார். "டேய், உன்கிட்ட பிரேக் சத்தம் இருக்கா?"

பதினோரு வகை இருந்தது. இருப்பதிலேயே உயிரை எடுக்கிற கிறீச்சலாகப் பார்த்து நான்தான் செல்போனுக்கு அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்றிரவு கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா முதுகுப் பக்கம் நின்று அதைப் போட்டுவிட்டார்.

மறுநாள் வந்ததும் வராததுமாக, "ஒண்ணுமே ஆகலடா! 'ஏதோ லாரி'ன்னாரு. 'உப்பு கம்மி'ன்னாரு. கை நடுங்கல, வேர்க்கல, ராத்திரி அலறல. தேறிட்டாரு" என்றார். மேலாளருக்கும் அப்படியே சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல அக்காவைக் கூட்டிப்போக அவர் கணவர் வந்திருந்தார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜனங்கள் கடக்கிற வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றார். சிக்னல் விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள், அவர் அசையவில்லை. மறுபடி விழுந்தது, அப்போதும் அப்படியே நின்றார்.

"அக்கா, அண்ணன் என்ன, ரோட்டுக்குக் காவலா?" என்றேன் கிண்டலாக.

அக்கா வந்து பார்த்தார். "வாய் அசையுதுடா."

எங்கள் தொழிலில் சத்தமில்லாத வாயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே திறக்கிறது, எத்தனை அசைவு என்று கண் தானாகவே எண்ணும். கடந்து போகிற ஒவ்வொரு ஆளுக்கும் அவர் ஒரே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு ஆளுக்குப் பார்த்தார். மூன்றாவது ஆளுக்கு, ஜன்னலில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"பாத்துட்டேன். போங்க."

அச்சாகப் பொருந்தியது. கைத்தடியோடு ஒரு பெரியவர் இறங்கினார். "பாத்துட்டேன். போங்க." குழந்தையோடு ஒரு பெண். "பாத்துட்டேன். போங்க." திரும்பிப் பார்த்தால் அக்கா அங்கே இல்லை. படிக்கட்டில் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"எத்தனை நாளா இப்படிங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

அண்ணன் முதலில் சிரித்து மழுப்பப் பார்த்தார். அப்புறம், மணி என்ன என்று கேட்டால் சொல்கிற குரலில் சொன்னார்: "நீ அன்னிக்குப் போட்ட மாதிரி சத்தமெல்லாம் எங்க வண்டியில வரல. நான் பிரேக்கே அடிக்கல. அந்த ஆளை நான் பாக்கவே இல்ல."

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே. சத்தம் போட்டுத்தானே பாத்தே."

அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும்தான். அவர் அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டார். "சார், நான் தப்பாச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை அவருக்கு வண்டி குடுக்காதீங்க."

"எனக்கு வண்டி ஓட்டணும்" என்றார் அண்ணன்.

"ஓட்டலாம். அதுக்கு முன்னாடி சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்துச்சு? காலைலேருந்து சொல்லுங்க."

அண்ணன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னிக்கு மழையெல்லாம் இல்ல" என்று ஆரம்பித்தார். "நல்ல வெயில். எல்லாமே தெளிவாத் தெரிஞ்சுது."