கிள்ளிவிட்டுத் தரும் மாத்திரை

மரக்காணம் உப்பளத்தில் இருபத்தேழு வருஷமாகச் சேர்ந்தே உப்பு வாரியவர்கள் அம்சவல்லியும் அவள் கணவன் கன்னியப்பனும். பேச்சு முழுக்க அவனுடையது. அவள் தலையாட்டுவாள்.

போன மாசியில் அவனுக்குப் பாதம் மரத்துப்போனது. பாத்தியில் இறங்கினால் தண்ணீர் சுடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ரத்தத்தைச் சோதித்த டாக்டர் இலக்கியா, "சர்க்கரை மாத்திரை ரொம்ப வருஷமா போடுறீங்கல்ல, அதனால பி-12 சத்து கொறஞ்சிருக்குது. தினமும் இந்த மாத்திரை ஒண்ணு போடுங்க," என்றாள்.

"ஊசி?"

"உங்களுக்கு மாத்திரையே போதுங்க. ரெண்டுலயும் ஒரே சத்துதான்."

குத்தாத வைத்தியத்தைக் கன்னியப்பன் மதித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் முறைத்தான்.

"வயித்துல விழுற மாத்திரைக்குக் காலுக்குப் போற வழி எப்படிடி தெரியும்? ஊசின்னா ரத்தத்துல எறங்கி நேரா ஓடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுப் புஜத்தை நீட்டினான். "நீ இங்க ஒரு கிள்ளு கிள்ளு. அந்த எரிச்சலோட முழுங்கிடுறேன்."

அம்சவல்லி பயந்து பயந்து கிள்ளினாள்.

"என்னாடி இது, எறும்பு கடிச்ச மாதிரி? அழுத்து!"

மறுநாள் கிள்ளப் போகும்போது, தன் தங்கச்சி கல்யாணத்துக்கு அவன் போகவிடாதது அவளுக்கு ஞாபகம் வந்தது. கன்னியப்பன் துள்ளிவிட்டான். "ஆத்தே! இதான்டி ஊசி!" அதற்கடுத்த நாள், கோட்டக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் அவளை மறந்து விட்டுவிட்டு வந்தது. பிறகு அவள் தேட வேண்டியிருக்கவில்லை. உப்பு வாரிக்கொண்டே அன்றைக்கானதைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்வாள்.

இரண்டு மாதத்தில் பாதத்தில் உணர்ச்சி திரும்பியது. அவன் உப்பளம் முழுக்கச் சொல்லிவிட்டான். பக்கத்துப் பாத்தி வெற்றிச்செல்வன் சத்து மாத்திரையோடு வந்து, "அக்கா, எனக்கும் ஒண்ணு," என்று கையை நீட்டினான்.

"உம்மேல எனக்கு ஒரு கோவமும் இல்லியேப்பா. உம் பொண்டாட்டிய அனுப்பு, சொல்லித்தர்றேன்."

அவன் மனைவி பாப்பாத்தி ஓடியே வந்துவிட்டாள். அந்த வாரக் கடைசியில் விடியற்காலை உப்பளத்தில் எழுந்த அலறலைக் கேட்ட முதலாளி, பாம்பு புகுந்துவிட்டதென்று ஆள் அனுப்பினார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் அவன் இரண்டு புஜங்களையும் பார்த்துத் திடுக்கிட்டாள். "யாருங்க உங்களை அடிச்சது?"

"வீட்டு ஊசிங்க," என்றான் பெருமையாக.

கதையைக் கேட்டுவிட்டு அவள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினாள். "சத்து ஏறுனது மாத்திரையாலங்க. கிள்ளுனதால இல்ல."

பாவம், சின்னப் பொண்ணு, போகப்போகக் கற்றுக்கொள்ளும் என்று நினைத்துக்கொண்டான் கன்னியப்பன்.

அன்று சாயங்காலமும் புஜத்தை நீட்டினான். அம்சவல்லி விரலைக் கொண்டுபோனாள். மனசுக்குள் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. தண்ணீர் சொம்பை எடுத்து நீட்டினாள்.

"சும்மாவே முழுங்குங்க. எங்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சு."

"ஸ்டாக் இல்லியா?" அவன் முகம் வாடியது. "மறுபடி எப்ப வரும்?"

"அது உங்க கையிலதான் இருக்குது."

கன்னியப்பன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாத்திரையை விழுங்கினான்.