லிங்ஜி வாங்க மோட் தெருவுக்கு

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு நியூயார்க்குக்கு வெளியே இருக்கும் எங்கள் மான்மவுத் ஜங்ஷன் வீட்டிலிருந்து கிளம்பினோம். நான், என் கணவர் சேகர், என் வலது முழங்கால். முழங்காலைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு வருடமாக எங்கே போவதென்றாலும் அதன் சம்மதம் கேட்டுத்தான் போகிறோம். இன்னும் மூன்று வாரத்தில் அதற்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இன்ஷூரன்ஸ் ஒப்புதல், டாக்டர் கொடுத்த தேதி, துணைக்கு வரும் தங்கை ராதாவின் திருச்சி டிக்கெட் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துவர ஏழு மாதம் பிடித்தது. அந்தத் தேதி தவறக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

போனது மன்ஹாட்டன் சைனாடவுனுக்கு, காளான் வாங்க. குருமாவில் போடுகிற காளான் இல்லை. லிங்ஜி என்று சீனர்கள் மருந்தாகச் சாப்பிடுவது. ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் என் தோழி பரீதா, ஆபீஸில் ஒரு சீனப் பெண் மூட்டு வலிக்குச் சொன்னதாக ஒரு டப்பா பொடி கொண்டுவந்து கொடுத்தாள். வெந்நீரில் கலந்து குடித்துப் பார்த்தேன், நாக்கைக் கழற்றி வைத்துவிடலாம் போல் கசப்பு. நம் கை சும்மா இருக்குமா? மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, புளி கரைத்து ரசமாகவே வைத்துவிட்டேன். ஒன்றரை மாதமாகத் தினமும் மதியம் ஒரு டம்ளர். வலி குறைந்த மாதிரி இருந்தது. குறைய வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். டப்பா தீரப் போகிற நேரம், ஆபரேஷனுக்குப் பிறகும் உதவும் என்று மொத்தமாக வாங்கக் கிளம்பினோம்.

பக்கத்து ஸ்டேஷனான பிரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், ஒருவருக்குக் கிட்டத்தட்ட இருபது டாலர். அங்கிருந்து சப்வே மலிவுதான். ஆனால் அதன் படிகளை நினைத்ததுமே முழங்கால் முறுக்கிக்கொண்டது. டாக்ஸி பிடித்தோம், டிப்போடு இருபத்தெட்டு டாலர். ஓட்டுநர் வங்காளதேசத்துக்காரர். நான் இறங்கச் சிரமப்பட்டதைப் பார்த்து, கடுகெண்ணெயில் பூண்டைக் காய்ச்சித் தடவச் சொன்னார். முழங்கால் வலி என்று தெரிந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் டாக்டராகிவிடுகிறார்.

பதினொரு மணி. மோட் தெருவில் மீன் கடை, பழக்கடை தாண்டி அந்த மருந்துக் கடை. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், கண்ணாடி ஜாடிகளில் ஜின்செங் வேர், காய்ந்த பழங்கள், பட்டைகள். நாட்டு மருந்துக் கடை வாசனையேதான், சுக்கு மட்டும் கொஞ்சம் குறைவு. லிங்ஜியை முழுசாக அப்போதுதான் பார்த்தேன். வார்னிஷ் அடித்த மர விசிறி போலச் சிவப்பாக, பளபளப்பாக. பவுண்டு நாற்பத்தெட்டு டாலர் என்று எழுதியிருந்தது. தட்டிப் பார்த்தேன், கட்டைச் சத்தம் கேட்டது.

கடையின் பின்பக்கம் லின் என்ற வைத்தியர் அம்மாள், என் வயதிருக்கும். நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். காற்றும் குளிரும் ஈரமும் மூட்டில் புகுந்து அடைத்துக்கொள்வதுதான் வலி என்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

"நம்மூர்ல வாதம்னு சொல்றதுதான்" என்றேன் சேகரிடம்.

காளான் தேய்ந்த எலும்பை வளர்க்காது என்பதையும் அவரே சொன்னார். பிறகு எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஏதாவது அறுவை சிகிச்சை உண்டா? மூன்று வாரத்தில் உண்டு என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இப்போதே லிங்ஜி சாப்பிடுகிறீர்களா?"

"ஒன்றரை மாதமாக."

"ரத்தம் உறைவதை அது தாமதப்படுத்தலாம். உங்கள் சர்ஜனுக்குத் தெரியுமா?"

சேகர் என்னைப் பார்த்தார். போன வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் கேட்டபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார். மூலிகை, சப்ளிமெண்ட் ஏதாவது எடுக்கிறீர்களா என்று தெளிவாகவே கேட்டாள். 'நோ, நத்திங்' என்றேன். பொய் சொல்லவில்லை. ரசத்தை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா?

ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை எதுவும் விற்க மாட்டேன் என்றார் லின். வெறுங்கையோடு தெருவுக்கு வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் மெசேஜ் விடச் சொன்னது; லிங்ஜி விவரத்தைச் சொல்லி வைத்தேன்.

"Date-ஐ cancel பண்ணிடுவாங்களோ?" என்றேன்.

"Cancel பண்ணா பண்ணட்டும். Table-ல படுத்தப்புறம் தெரிஞ்சிருந்தா?" என்றார் சேகர்.

பேக்கரியில் இரண்டு டாலருக்கு வாங்கிய பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேனே தவிர, சாப்பிடவில்லை.

இரண்டே முக்கால் மணி. திரும்பும் ரயில் நியூவர்க்கைத் தாண்டும்போது நர்ஸ் கூப்பிட்டாள். டாக்டரிடம் கேட்டுவிட்டாளாம். இன்றே நிறுத்திவிட வேண்டும், மூன்று வாரம் இருப்பதால் பயமில்லை, தேதி மாறாது. 'வேறு ஏதாவது எடுக்கிறீர்களா?' என்றாள் மறுபடியும். இந்தத் தடவை எதையும் விடவில்லை. மஞ்சள் கேப்ஸ்யூல், பிரண்டைத் துவையல், முடவாட்டுக்கால் கிழங்கு சூப், ராத்திரிப் பூண்டுப் பால். ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். எதிர் சீட்டுக்காரர் காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேப்ஸ்யூலையும் நிறுத்து, மற்றவற்றைப் பற்றி டாக்டரிடம் கேட்கிறேன், அதுவரை தொடாதே என்றாள். நன்றி சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மெட்ரோபார்க் ஸ்டேஷன் வரை நன்றாக அழுதேன். பாரம் இறங்கிய அழுகை. பிறகு அந்தப் பன்னைச் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது.

ஊரில் பிரண்டையை மருந்து என்றால் சிரிப்பார்கள், அது சாப்பாடு. அதனால் அங்கே டாக்டரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இங்கே ஒரு சீனக் கடையிலும் ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியிலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டாவது தடவையாவது ஒழுங்காகப் பதில் சொன்னேன் என்ற நிம்மதியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

வந்ததும் ராதாவுக்கு வாட்ஸ்அப்பில் விவரமாக எழுதினேன். எனக்கென்று எந்த மருந்தும் எடுத்து வராதே என்று இரண்டு தடவை எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

"கவலப்படாதக்கா, மருந்து ஒண்ணுமே வைக்கல. லேகியம் மட்டும்தான்."