அருணாசலத்தின் நெற்றித் திருநீறு

நூம்பல், எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் அவர்களுக்கும், பேராசிரியர் அருணாசலத்தை அறிந்திருந்த அனைவருக்கும்:

1. இம்மாதம் 4ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை: சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வந்த அறிவிப்பில், அருணாசலம் 'முருகப்பெருமானின் திருவடி நிழலை அடைந்தார்' என்று எழுதப்பட்டது.

2. 5ஆம் தேதி, புதன்கிழமை: குடியிருப்பின் வாயிலில் கட்டப்பட்ட பேனரில், மருத்துவமனைக் கட்டிலில் நெற்றி நிறையத் திருநீற்றுடன் அவர் படுத்திருக்கும் படம் அச்சிடப்பட்டது. படம் எடுக்கும்போது அவரிடம் யாரும் கேட்கவில்லை.

3. 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை: இரங்கல் கூட்டத்தில் செயலாளர் ஏகாம்பரம், "கடைசில சாரு சாமிய ஒத்துக்கினாரு, நான் என் கண்ணால பார்த்தேன்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

4. அதே நாள், அதே மேடை: மறுத்துப் பேச நான் எழுந்தபோது, சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி மைக் அணைக்கப்பட்டது.

சங்கத்தின் மாத இதழுக்கு ஒரு பக்கம் நினைவஞ்சலி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். மேலே உள்ள நான்கையும் சொல்லாமல் அதை எழுத என்னால் இயலாது.

செய்தி எனக்கு வந்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். செவ்வாய் காலை வேலப்பன்சாவடியில் எங்கள் கல்லூரியில் தேர்வு மேற்பார்வையில் இருந்தேன். கைபேசியை அணைத்து அலுவலகத்தில் வைத்துவிட வேண்டும் என்பது விதி. விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்த பிறகு தாழ்வாரத்தில் நின்று அதைத் திறந்தேன். அருணாசலத்தின் மனைவி மீனாட்சி பலமுறை அழைத்திருந்தார். அந்த அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சங்கத்தின் அறிவிப்பு வந்து விழுந்தது. இரண்டு தாமரைகள், ஒரு மயில், நடுவில் என் நண்பர். அவர் இறந்துவிட்டார் என்ற உண்மையும், எப்படிப்பட்டவராக இறந்தார் என்ற பொய்யும் ஒரே படத்தில் என்னை அடைந்தன. துக்கம் வருவதற்கு முன் கோபம் வந்துவிட்டது. அந்த வரிசையை மாற்றியதற்காக உங்களை நான் மன்னிக்கப்போவதில்லை.

இந்தக் கடிதத்தை ஒரு நாத்திகனின் கூச்சல் என்று யாரும் மடித்து வைத்துவிட வேண்டாம். நான் நாள்தோறும் பூசை செய்பவன். கிருத்திகை விரதம் தவறியதில்லை. கடவுள் இல்லை என்று நினைத்தவர் அருணாசலம். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கல்லூரியில் அவர் கணிதமும் நான் வணிகவியலும் கற்பித்தோம். ஒரே குடியிருப்பில் மேல்மாடியில் அவரும் கீழ்மாடியில் நானும் வாழ்ந்தோம்.

அவரை நான் முதலில் கவனித்தது ஓர் ஆயுத பூசை நாளில். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்த, நெடுநெடுவென்ற மனிதர். ஏணியில் நின்று ஆசிரியர் அறையின் வாசலுக்கு மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். பூசைக்குப் பொறுப்பாளன் நான். சந்தனத்தை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நம்பிக்கை இல்லாதவர் மாவிலை மட்டும் எதுக்குக் கட்டறீங்க?" என்று கேட்டேன். என் குரலில் ஏளனம் இருந்தது.

"தோரணம் கட்ட உயரம்தான்யா வேணும். நம்பிக்கை உங்ககிட்ட இருக்கு, உயரம் என்கிட்ட இருக்கு. ஏணியைக் கெட்டியாப் பிடிங்க."

பிடித்துக்கொண்டேன். எங்கள் நட்பு அந்த ஏணியடியில் தொடங்கியது.

பிறகு அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நான்கு பேர் கூடுவோம். அருணாசலம், நான், பள்ளி ஆசிரியையாக இருந்த ஸ்டெல்லா, மரக்கடை வைத்திருந்த ஹமீது பாய். ஒவ்வொருவரும் தாம் எதை நம்புகிறோம், எதை நம்பவில்லை என்று சொல்ல வேண்டும். "கேள்விப்பட்டது வேண்டாம், படிச்சது வேண்டாம். உங்களுக்கு என்ன? அதைச் சொல்லுங்க" என்பார் அருணாசலம். வேதம், பதிகம், பைபிள், குர்ஆன், பகுத்தறிவு மேடைப் பேச்சு எதையும் மேற்கோள் காட்டக் கூடாது. 'சொல்லியிருக்கிறார்கள்' என்று வாய்தவறிச் சொன்னவர் மாடிப்படி இறங்கி, முனைக்கடையில் பிளாஸ்க் நிறைய டீ வாங்கி வர வேண்டும். இன்னொரு விதி, மாடியில் ஒருவர் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் கீழே கொண்டுபோகக் கூடாது.

முதல் சில மாதங்கள் டீ வாங்கியவன் பெரும்பாலும் நான்தான். என் நம்பிக்கையிலிருந்து பதிகங்களை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று எனக்கே தெரியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் எளிதாகச் சொன்னார். "ஜெபிக்கறப்போ யாரோ கேக்கறாங்கன்னு தோணும். சில நாள் தோணாது. தோணாத அன்னிக்கும் ஜெபிப்பேன், சார்." இதை எழுதலாமா என்று கோவையில் மகளுடன் இருக்கும் அவரிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு என் முறை வந்தபோது மேற்கோள் இல்லாமல் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். கடவுள் இல்லையென்றால் இத்தனை ஆண்டுகள் விடியற்காலையில் நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று எண்ணும்போது பயமாக இருக்கிறது என்றேன். அருணாசலம் சிரிக்காமல் சொன்னார்:

"அதுக்கென்ன, என்கிட்ட பேசேன்யா. நான் நிச்சயமா இருக்கேன்."

அதுவரை எங்களுக்குள் இருந்த 'வாங்க போங்க' அன்று மாலையோடு போயிற்று.

ஏகாம்பரமும் ஒருமுறை அந்த மாடிக்கு வந்திருக்கிறார். நூம்பலின் பழைய விவசாயக் குடும்பம் அவருடையது. நாங்கள் குடியிருக்கும் நிலம் ஒரு காலத்தில் அவர்கள் வயல். தொட்டி வழிகிறது என்று மோட்டாரைத் திட்டிக்கொண்டே மேலே வந்தார்.

"இன்னா சார், செயலாளருக்குத் தெரியாம மீட்டிங்கா?"

"உட்காரு ஏகாம்பரம்" என்றார் அருணாசலம். "உனக்குச் சாமி இருக்கா?"

"இன்னா சார் கேள்வி இது? பெரியவங்க சும்மாவா சொல்லிக்கீறாங்க..."

"போச்சு! டீ!" என்று நால்வரும் ஒரே குரலில் கத்தினோம்.

விதியைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஊட்ல ஒரு டம்ளர் எடுத்துக் குட்த்ததில்ல சார் நானு. என் நெலத்துல கீற மாடிலேயே எனுக்கு எடுபிடி வேலையா!" ஆனால் இறங்கிப்போய் வாங்கி வந்தார். பிளாஸ்க்கை வைத்துவிட்டு உட்கார்ந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தபடி, தமக்கும் கடவுளுக்கும் இடையில் இருப்பது என்ன என்று சொன்னார். அருணாசலம் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. டீ ஆறிப்போயிற்று.

அந்தக் கூட்டம் ஒவ்வொருவராகக் குறைந்தது. ஹமீது பாய் மகன் வீட்டோடு வாணியம்பாடிக்குப் போனார். ஸ்டெல்லா டீச்சர் கோவைக்குப் போனார். நாங்கள் இருவர் மட்டும் எதிரெதிரே நாற்காலி போட்டுக்கொண்டு, முன்பே தெரிந்த பதில்களை மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு அருணாசலத்தின் நுரையீரலில் நோய் வந்தது.

பேனரில் நீங்கள் பார்க்கும் திருநீற்றுக்கு வருகிறேன். மீனாட்சிக்கு நம்பிக்கை உண்டு. திருமணமான நாளிலிருந்து தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டுக் கணவரின் நெற்றியில் திருநீறு இடுவார். அவர் குனிந்து கொடுப்பார். கல்லூரிக்குப் புறப்படும்முன் அது தானாக உதிர்ந்திருக்கும். அவர் துடைத்து நான் பார்த்ததில்லை. மருத்துவமனையிலும் அது தொடர்ந்தது. படுத்திருந்ததால் உதிரவில்லை, அவ்வளவுதான்.

ஏகாம்பரம் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தபோது நான் கட்டிலருகில் இருந்தேன்.

"இன்னா சார், பட்டை பலமா கீது! இப்போ சொல்லு, சாமி கீறாரா இல்லியா?"

மூச்சு வாங்கி வாங்கி அருணாசலம் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "இது மீனாட்சி வச்சது, ஏகாம்பரம். நம்பிக்கை அவளுது. நெத்தி என்னுது. எடம் குடுத்திருக்கேன், அவ்ளோதான்."

ஏகாம்பரம் சிரித்தார். கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார். எனவே செயலாளர் அறியாமல் பேசினார் என்ற சமாதானத்தை என்னால் ஏற்க இயலாது. விளக்கம் அவர் காதிலேயே விழுந்தது.

அவர் போன பிறகு, பயமாக இருக்கிறதா என்று அருணாசலத்திடம் கேட்டேன்.

"இருக்கு. ஆனா பயத்துக்காக ஒரு ஆளை வரவழைக்கத் தோணல." என் கையைப் பற்றினார். "ராமநாதா, போனப்புறம் என்னை எந்தப் பக்கமும் சேர்த்துடாதே. அவங்க பக்கமும் வேண்டாம், உன் பக்கமும் வேண்டாம். கடவுள் இல்லைன்னு நெனச்சான். நிச்சயமாத் தெரியாதுன்னும் சொன்னான். கடைசி வரைக்கும் மாறல. அதைக் கூட்டத்துல எழுந்து சொல்லு. போதும்."

சொல்கிறேன் என்றேன். அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

மீனாட்சியிடம் அவர் கேட்டது உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்பது. உறவினர்கள் கூடிநின்று தடுத்தபோதும், கடவுளை நம்பும் அந்தப் பெண் அதை நிறைவேற்றினார். வண்டி போன பிறகு என்னிடம் கேட்டார்: "அவர் சொன்னபடியே அனுப்பிட்டேன், அண்ணே. காலைல அவர் நெத்தியில வைக்கல. விளக்கு மட்டும் எனக்காக ஏத்திக்கிட்டேன். அது தப்பில்லையே?"

தப்பில்லை என்றேன். வேறொருவரின் நம்பிக்கைக்கும் தம்முடையதற்கும் நடுவில் உள்ள கோடு அவருக்குத் தெரிந்திருந்தது. நம் சங்கத்துக்குத் தெரியவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து இலை போட்டுக்கொண்டிருந்தபோது ஏகாம்பரத்தைத் தனியே நிறுத்திக் கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. "கோச்சிக்காத சார். அவ்ளோ நல்ல மன்சன் சாமி இல்லாமயே பூட்டாருன்னு சொல்ல மன்சு வரல. ஒண்டியா எப்டி சார் அனுப்பறது?" அவர் அன்பினால்தான் அப்படிச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்பு அவருக்குத் தந்த உரிமை அழுவதற்கு மட்டுமே. அருணாசலம் தனியாகப் போக அஞ்சவில்லை. துணை தேவைப்பட்டது நமக்கு. அதற்காக அவரை மாற்றி எழுதிவிட்டோம். என் கடவுளுக்கும் பொய்ச்சாட்சி தேவையில்லை.

இப்போது ஞாயிறு மாலைகளில் நான் ஒருவனே மேலே போகிறேன். இரண்டு நாற்காலிகளும் இருக்கின்றன. விடியற்காலையில் பூசையறையில் பேசும்போது, பதில் சொல்லக்கூடிய ஒருவரிடம் பேசுவதை எவ்வளவு பழக்கமாக்கிக்கொண்டிருந்தேன் என்பது தெரிகிறது. என் நம்பிக்கை போய்விடவில்லை. அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

ஏகாம்பரம் அன்று மாடியில் சொன்னது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதினால், கண்ணால் பார்த்தேன் என்று அவர் மேடையில் சொன்னதன் மதிப்பு என்னவென்று இந்தக் குடியிருப்பே அறிந்துகொள்ளும். மூன்று நாட்களாக அந்த வரிகளை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். எழுதப்போவதில்லை. அது ஏகாம்பரத்துடையது. அருணாசலத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். ஒருவர் தம் கடவுளைப் பற்றியோ, கடவுள் இல்லாததைப் பற்றியோ சொன்னதை, அவர் சொன்ன இடத்திலேயே விட்டுவைப்பது.

ஆகவே செயலாளர் அவர்களே, பேனரை அகற்றுங்கள். அருணாசலம் என்னிடம் ஒப்படைத்த அந்த மூன்று வாக்கியங்களை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், மாத இதழின் முதல் பக்கத்தில் வெளியிடுங்கள். செய்வீர்களா இல்லையா என்பதை, உங்கள் கையெழுத்துடன் எழுத்துமூலமாக, வரும் 23ஆம் தேதி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும். பதிலை என் வீட்டுக் கதவில் செருக வேண்டாம். மொட்டைமாடிக்கு நீங்களே கொண்டுவாருங்கள். நாற்காலி ஒன்று காலியாக இருக்கும். டீயை நான் வாங்கி வைத்திருப்பேன்.

ராமநாதன்