தமுகே வாங்கிய விளிம்பளவு

தமுகேயை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. வாய் ஓயாது. முழங்கால் வீக்கத்துக்கு நான் சுற்றிவிட்ட கட்டுத்துணியை அவிழ்த்துத் தூண்டில் கழிக்குக் கைப்பிடியாகச் சுற்றிக்கொண்டவர். ஆனால் நெலோவாத் தீவில் தண்ணீர் அளக்கிற வேலை பதினாறு வருடம் அவரிடம் இருந்தது. அந்த வறட்சி வரைக்கும் யாரும் அவர் கையைக் குறை சொன்னதில்லை.

எங்களிடம் எதை அளந்தாலும் விதி ஒன்றுதான்: வழிந்தால்தான் அளவு. கயிறு என்றால் முழத்துக்கு மேல் ஒரு பிடி. கிழங்கு என்றால் கூடை கொள்ளாமல் ஒன்றாவது உருண்டு விழவேண்டும். தண்ணீரைக் குவா என்ற பெரிய சிப்பியால் அளப்போம். அகப்பையால் அதை நிரப்பி, விளிம்பு தாண்டி மண்ணில் சிந்திய பிறகே குடத்தில் கவிழ்ப்பார்கள். சிந்தியது மண்ணின் பங்கு. விளிம்போடு நிறுத்துவது பிணத்துக்கு மட்டும். அதுவும் குழியில் ஒரே ஒரு குவா. அதை வாங்கியவரின் பெயர் ஊர்ப் பங்கிலிருந்து போய்விடும்.

அந்த வருடம் ஏழு மாதம் மழை இல்லை. கிணறெல்லாம் உப்புக் கரித்தது. தண்ணீர்க் கப்பல் வரப் பன்னிரண்டு நாள் ஆகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். பெரிய தீவில் செவிலியர் படிப்பு முடித்துவிட்டு வந்து இங்கே சுகாதார நிலையத்தில் இருந்த நான்தான் ஊர்ப் பொது மழைநீர்த் தொட்டியில் கோல் விட்டுக் கணக்குப் போட்டேன். நூற்றறுபது பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு குவா. பன்னிரண்டு நாளுக்குச் சரியாக வந்தது. அதற்குக் கீழே குறைக்க நான் சம்மதிக்கவில்லை. ரிசுவாவின் மருமகளுக்குப் பிரசவமாகி ஆறு நாள்தான். அவளுக்குப் பால் வற்றினால் குழந்தைக்குக் கொடுக்கத் தீவில் வேறு ஒன்றும் கிடையாது.

மூன்றாம் நாள் காலை கோல் என் கணக்கைவிட நான்கு விரல் குறைத்துக் காட்டியது. இப்படியே போனால் கடைசி இரண்டு நாள் தொட்டி காய்ந்து கிடக்கும்.

ஊர் முழுக்கக் குடத்தோடு நின்றது. தொட்டி மூடியின் மேலேயே பாய் போட்டுப் படுப்பவர் தமுகே. எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

“ஊர்ல எல்லாப் பன்னியும் எலும்பும் தோலுமா கெடக்கு. உன்னுது மட்டும் எப்படிப்பா திரண்டு நிக்குது?” என்றாள் ரிசுவா.

“அது என் பொண்டாட்டி ஜாடை, பெரியம்மா.”

துடுப்போடு இரண்டு பேர் அவருக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

நான் சமாதானம் பேசப் போகவில்லை. எண்ணிப் பார்க்கத்தான் போனேன். வழக்கம்போல ஊற்றச் சொன்னேன். ஐந்து குவா குடத்துக்குப் போவதற்குள் ஒரு குவா மண்ணுக்குப் போனது. இந்த ஊரில் பிறந்தவள் நான். சிந்துவதைத் தண்ணீராக எண்ண எனக்கே தோன்றவில்லை.

இவர் எடுக்கவில்லை, கணக்கில் தப்பு என்னுடையது என்று உரக்கச் சொன்னேன். கீழே ஒரு பாத்திரம் வைத்தேன். மண்ணின் பங்கைத் திருடுவதா என்று அதை உதைத்துத் தள்ளினார்கள். சரி, விளிம்போடு நிறுத்துங்கள் என்றேன். ரிசுவா குடத்தை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“பிள்ள பெத்தவளுக்குப் பொண அளவு ஊத்தச் சொல்றியா? இதுக்குத்தான் போய்ப் படிச்சியா?”

“வழிய ஊத்தினா பதினோராம் நாள் நெசமாவே பொணம்தான்.”

பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார்கள். துடுப்பு வைத்திருந்தவர்களில் ஒருவன் தொட்டிச் சுவரில் கால் வைத்து ஏறினான். ஆளாளுக்குக் குடத்தை முக்கினால் மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

தமுகே அகப்பையை எடுத்தார். குவாவை விளிம்புவரை நிரப்பினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தனக்குத்தான் என்று நினைத்து ரிசுவா பின்வாங்கினாள். அவர் அதைத் தானே குடித்தார்.

சுவரில் ஏறியவன் அப்படியே நின்றுவிட்டான்.

“நான் செத்தாச்சு,” என்றார் தமுகே, வாயைத் துடைத்துக்கொண்டு. “செத்தவன் ஊத்துறது அளவே கெடையாது. அப்புறம் அது எப்படிப் பொண அளவாகும்? கொடத்தக் காட்டுங்க, பெரியம்மா.”

அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. ரிசுவா குடத்தை நீட்டினாள்.

“செத்தும் வாய் அடங்கல,” என்றாள்.

மீதி நாளெல்லாம் என் நான்கு குவாவில் பாதி அவருக்குப் போனது. பன்னிரண்டாம் நாள் காலை கப்பல் வந்தபோது கோலின் நுனி மட்டும்தான் நனைந்தது. குழந்தைக்கு எடை இருநூறு கிராம் கூடியிருந்தது.

தமுகேயின் பெயரை யாரும் திரும்பச் சேர்க்கவில்லை. சேர்க்க வழியும் இல்லை. குவா வேறொருவர் கைக்குப் போனது. மீன் பங்கும் அவருக்கு நின்றது. ஆனால் மீன் பங்கு பிரிக்கும் ஒவ்வொரு நாளும் ரிசுவா, இறந்தவர்களுக்குப் படைக்கும் பாறைமேல் நல்ல மீனாக ஒன்று வைத்துவிட்டுப் போவாள். அவர் வந்து எடுத்துச் சுட்டுத் தின்பார். உப்புப் போதவில்லை என்றும் சொல்லியனுப்புவார். பத்தொன்பது வருடம் இப்படி நடந்தது.

நுரையீரல் கெட்டு அவர் போனபோது உடம்பைத் துடைத்துக் கட்டியவள் நான். குழியருகே புதிய அளவுகாரர் குவாவோடு தயங்கினார். இவருடையதை இவர் எப்போதோ வாங்கிவிட்டார், இனி ஊற்ற ஒன்றுமில்லை என்றார். எண்பது தாண்டிய ரிசுவா குவாவை அவர் கையிலிருந்து பிடுங்கி, நிரப்பி, வழிய வழிய ஊற்றினாள். நிறுத்தாமல் ஊற்றினாள். யாரும் தடுக்கவில்லை.

குழியில் தண்ணீர் தேங்கிவிட்டது. அது வடியும்வரை உடம்பை இறக்காமல் காத்திருந்தோம்.