போல்ட்டில் மாட்டிய ஸ்பானர்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து முதுகு தளர்ந்த பிறகு தவமலர் ஒரு பழைய வேனை வாங்கினாள். பள்ளி நாட்களில் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளை ஏற்றுவாள். மற்ற நேரத்தில் நோயாளிகளைத் தானா ராத்தா ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாள். சின்னக் கோளாறுக்காக மலையேறி வர எந்த மெக்கானிக்கும் விரும்பாததால் ரிப்பேரையும் தானே பழகிக்கொண்டாள்.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேனின் பேட்டரி எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் அல்டர்னேட்டர் போய்விட்டது. ரிங்லெட் ஊரில் பழைய சாமான் கடையில் வேறொன்று கிடைத்தது. ஆனால் எஞ்சினில் அதை மாட்டும் சந்தில் சாதாரண ஸ்பானரைத் திருப்ப இடமில்லை. போன தடவை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்தது. எடுத்து எடுத்து மாட்டாமல், ஆட்டினாலே போல்ட்டைச் சுழற்றும் ராட்செட் ஸ்பானர் வாங்கக் குணாளனின் ஹார்ட்வேர் கடைக்குப் போனாள்.

அவன் இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று தட்டையானது, திசை மாற்ற வேண்டுமென்றால் கழற்றிப் புரட்டிப் போட வேண்டும். மற்றதில் திசை மாற்றச் சின்ன லீவர் இருந்தது, தலை தடிப்பு.

"உங்க வேன் சந்துக்குத் தட்டையானதுதான்கா உள்ள போவும்."

"மாட்டிக்காதுலா?"

"அதெல்லாம் மாட்டாதுக்கா."

சந்தின் அகலத்தை மனத்தில் அளந்து பார்த்து, தட்டையானதையே வாங்கினாள். போல்ட்டின் நீளத்தை அவள் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் வேலையைத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுச் செல்லையாவுக்கு அன்று டயாலிசிஸ். இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வருவதால் திங்கட்கிழமைகளில் அவருக்குக் கால் வீங்கி, மூச்சு இரைக்கும். பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ராட்செட் அழகாக வேலை செய்தது. டிக் டிக் என்று போல்ட் வெளியே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வந்து, சட்டென்று நின்றது. நீளமான அந்தப் போல்ட்டின் தலை வேனின் அடிச்சட்டமான சேசியை நெருங்கிவிட்டது. நடுவில் ஸ்பானர் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. போல்ட்டை உள்ளே திருப்பினால் இடம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஸ்பானரைக் கழற்றிப் புரட்ட வேண்டும்.

"அலமாக்!" ஸ்பானரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"என்னா புள்ள?"

"ஒண்ணுமில்ல மாமா."

டாக்சிக்காரருக்குப் போன் செய்தாள். அவர் மலையடிவாரத்துத் தாப்பாவில் இருந்தார்; ஏறி வர மத்தியானமாகும். தோட்டத்து லோரி கொழுந்து ஏற்ற மேலே போயிருந்தது. செல்லையா இருமினார். வெட்டுகிற மெஷினைக் கடன் வாங்கி ஸ்பானரையே அறுத்துவிடலாமா? பக்கத்திலேயே பெட்ரோல் குழாய். வேண்டாம்.

போல்ட்டை நகர்த்த முடியாது. எஞ்சினை நகர்த்த முடியுமே? அது ரப்பர் தாங்கியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தாங்கியின் நட்டைத் தளர்த்தினாள். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கைக் கொடுத்தாள்.

"மாமா, இங்க வந்து டார்ச்ச புடிங்க. அந்த ரப்பர் குழாய் இழுபட்டா உடனே சொல்லுங்க."

செல்லையா இரைக்க இரைக்க எழுந்து வந்து குனிந்தார்.

"ஏத்து... ஏத்து... குழாய் விறைக்குது, நிறுத்து!"

போல்ட்டின் தலை சேசியின் விளிம்பைத் தாண்டி மேலே தெரிந்தது. ஸ்பானர் அவள் கையோடு வந்துவிட்டது. அதைக் கீழே போட்டுவிட்டுப் போல்ட்டைக் கையாலேயே சுழற்றி எடுத்து, பழைய அல்டர்னேட்டரை இறக்கினாள். பிறகு எஞ்சினை இறக்குவதற்குள்ளேயே மாற்று அல்டர்னேட்டரை வைத்துப் போல்ட்டைச் செருகினாள். இறுக்கும்போது பழைய ஸ்பானரைத்தான் எடுத்தாள்.

தாமதமாக வந்ததற்கு டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ் கடிந்துகொண்டாள். ஆனாலும் அன்றைய அடுத்த ஷிப்டில் ஒரு நாற்காலியைக் கொடுத்தாள். அவருக்கு ரத்தம் சுத்தமாகும் நேரத்தில் தவமலர் தானா ராத்தாவில் ஒரு கடைக்குப் போனாள். லீவர் வைத்த ராட்செட்டை எடுத்து, சிக்கியது போலப் பிடித்து, லீவரை விரலால் தட்டிப் பார்த்தாள். திசை மாறியது. தடிப்பாக இருந்தாலும் அதுதான் வேண்டும் என்றாள்.

இறங்கி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. பேட்டரி விளக்கு எரியவில்லை. அவள் கண் அதையே பார்த்தது. பின் இருக்கையில் செல்லையா அசையாமல் சாய்ந்திருந்தார்.

"மாமா?"

பின்னால் காட்டும் கண்ணாடியில் எட்டிப் பார்த்தாள்.

"மாமா!"

"தூங்க வுடு புள்ள."

அடுத்த வளைவில் மறுபடியும் கூப்பிட்டாள்.