பச்சைப் படகைப் பார்க்கச் சொன்னவர்

பிள்ளைகளே, நாளை மறுநாள் நாம் கப்பல் ஏறி யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பார்க்கப் போகிறோம். கடலுக்குள் நிற்கும் பழைய கோட்டை, கலங்கரை விளக்கம் என்று வழிகாட்டி காட்டப்போவதையெல்லாம் நீங்கள் இப்போதே மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். நான் மட்டும் அங்கே இன்னொன்றையும் தேட வேண்டியிருக்கிறது.

பயணத்துக்குப் பை வாங்கிக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸில் என் பக்கத்தில் ஜெகதாப்பட்டினத்து மீனவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம், கயிறு இழுத்துக் காய்த்துப்போன கைகள். தன் துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தார்.

"கீழ வைங்கண்ணே" என்றேன்.

"போட்ல இருந்த பழக்கங்க. கீழ வச்சா நனைஞ்சிரும்னு கை விடமாட்டேங்குது" என்று சிரித்தார்.

நம் பயணத்தைச் சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அங்கிட்டுத் துறைமுகத்துல, எல்லை தாண்டுனதா இலங்கை நேவி பிடிச்ச நம்மூரு போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும். பச்சைப் பெயின்ட், மூக்குல மஞ்சக் கோடு இருந்தா அது என்னுது. மரத்துல செஞ்சதுங்க, தெனம் தண்ணி எறைக்கணும். அங்க யாரு எறைப்பா? மெதக்குதான்னு மட்டும் பாருங்க."

"போட்டோ எடுத்து அனுப்பவாண்ணே? நம்பர் குடுங்க."

"பிள்ளைகள வச்சுக்கிட்டு ஒங்களுக்கு எதுக்குங்க வம்பு? கண்ணால பாத்தாப் போதும்."

"பாத்துட்டு ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சொல்ல வேணாங்க" என்றார்.

நான் ஆலங்குடியில் இறங்கிவிட்டேன். தெரிந்துகொள்ளப் பயப்படுகிறவர் எதற்காகப் பார்க்கச் சொன்னார்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

துறைமுகம் வந்ததும் கோட்டையைப் பார்க்க ஓடிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் என்னோடு நின்று, அந்தப் பச்சைப் படகைத் தேடுங்கள்.