கன்மதம் சாப்பிட்ட இரண்டு மாதம்

உங்கள் அம்மாவைச் சாகிற நிலைக்குக் கொண்டுபோனது ஒரு மருந்து வியாபாரி என்றுதான் நீங்கள் மூன்று பேரும் நம்பியிருக்கிறீர்கள். அப்படிச் சொல்லி வளர்த்தது நான்தான். அது சரியில்லை, பிள்ளைகளே. வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். இடுப்புப் பிடித்து, காலையில் பாயை விட்டு எழும்பவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாத்தளைப் பக்கமிருந்து அந்த வியாபாரி தகரப் பெட்டியோடு எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு வந்தார். பெட்டிக்குள் தார் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி இருந்தது. மாட்டு மூத்திர வாடை. பெயர் கன்மதம் என்றார், இமயமலைப் பாறை வெயிலில் கசிகிற பிசினாம். ஒரு துணுக்கைக் கிள்ளிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டார். அது கறுப்பு நூல் நூலாக அடிக்கு இறங்கிற்று.

"பாத்தீங்களா? போலின்னா இப்பிடி நூல் விடாது. இத சாப்பிட்டா ரத்தம் ஊறும், எலும்பு இறுகும், கெழவனும் மலை ஏறுவான்."

"அப்ப எங்க கங்காணிக்கு ஒரு கட்டி குடுத்துட்டுப் போங்க. அவரு மலை ஏறி நாங்க பாத்ததே இல்ல," என்றாள் அடுத்த வீட்டு அக்கா. லயமே சிரித்தது.

பாசிப்பயறு அளவு உருட்டிக் காலையில் பாலில் கரைத்துக் குடித்தேன். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. அதே மூன்று வாரத்தில்தான் என்னைச் சல்லடை அறைக்கு மாற்றினார்கள், அங்கே மூட்டை தூக்குகிற வேலை இல்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. எல்லாப் பெயரையும் மருந்துக்கே கொடுத்தேன்.

உங்கள் அம்மாவுக்குச் சின்னவள் பிறந்ததிலிருந்து ரத்தம் இல்லை. உதடு வெளுத்து, மலையில் ஏறும்போது தலை சுற்றும். பறிக்கிற கொழுந்து நிறை குறைந்து பல நாள் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. தோட்டத்து மருந்துச் சாலையில் மருந்து கொடுப்பவரை நாங்கள் டாக்டரய்யா என்போம். அவர் இரும்புச் சத்துக் குளிசை கொடுத்து, "வெளிக்குக் கறுப்பாப் போகும். பயப்படாத, இந்தக் குளிசைக்கு அப்பிடித்தான்," என்றார். குளிசை அவளுக்கு வயிற்றை எரித்தது. நான் கன்மதத்தைக் கொடுத்தேன்.

அதற்குப் பத்தியம் உண்டு என்று வியாபாரி சொல்லியிருந்தார். புளி ஆகாது, கருவாடு ஆகாது, இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது. பத்தியம் தவறினால் மருந்தே விஷமாகும் என்பது எங்கள் வீடுகளில் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. ஆகவே குளிசையை நிறுத்தினோம். ஆனால் வாங்காவிட்டால் டாக்டரய்யா கேட்பாரே! வாரா வாரம் பொட்டலத்தை வாங்கி வந்து அரிசிப் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்தோம்.

முதல் மாதம் தெம்பாக இருக்கிறது என்றாள். எனக்காகச் சொன்னாளோ என்னவோ. இரண்டாம் மாதம் வயிற்று வலி வந்தது.

"என்னங்க, மறுபடியும் கறுப்பாப் போகுது. தார் மாதிரி."

"மருந்தே கறுப்புத்தானே புள்ள. கெட்டது கழியுது."

இவ்வளவுதான் பேசினோம். இருவருக்கும் மனம் சமாதானமாகிவிட்டது.

பத்து நாள் கழித்து, கூடையோடு மலையில் விழுந்துவிட்டாள். பெண்கள் தூக்கிக்கொண்டு வந்து மருந்துச் சாலை வாங்குப் பலகையில் கிடத்தினார்கள். என்னைத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போனபோது டாக்டரய்யா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளிக்கு எப்பிடிப் போகுது?"

"கறுப்பாங்க."

"குளிசை ஒழுங்காக் குடிக்கிறியா?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, "குடிக்கிறேங்க," என்றாள்.

"அப்ப கறுப்பாத்தான் போகும். ரெண்டு நாள் வேலைக்குப் போகாம படு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவன் என்று அவர் எனக்குக் கொஞ்சம் மரியாதை கொடுப்பார். மருந்துச் சாலை நோட்டீசை மற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லச் சொல்வார். அன்றைக்கு வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். "படிச்ச மனுசன் நீயுமாடா?" என்று அவர் கேட்பது என் காதில் கேட்காமலே கேட்டது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ரத்தமாக வாந்தி எடுத்தாள். தோட்டத்து லொறியில் போட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு சிங்கள டாக்டரம்மா. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், பத்தியம், அரிசிப் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. வயிற்றில் புண், கறுப்பாகப் போனது அதிலிருந்து கசிந்த ரத்தம் என்றார். கன்மதம் நல்லதா கெட்டதா, புண்ணை அது என்ன செய்தது, தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆனால் குளிசை குடிக்கவில்லை என்று தெரிந்திருந்தால், அந்தக் கறுப்பைக் கேட்ட உடனே தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பியிருப்பார்களே என்றார். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று போத்தல் ரத்தம் ஏற்றினார்கள். நாலாம் நாள்தான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"சின்னவ பால் குடிச்சாளா?"

"குடிச்சா. அடுத்த வீட்டு அக்கா பாத்துக்கிறா."

முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"அன்னிக்கு ஒங்களுக்கு அவமானமாப் போயிரும்னுதான் குடிக்கிறேன்னு சொன்னேன். இல்லங்கய்யான்னு நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு ஒங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

நான் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பார்க்கிற நேரம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னாள். எழுந்து வெளியே போனேன்.